சிட்டர் = ? (வெள்ளிக்குள் வேண்டும்)

ந.: அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடியினரான நவஹோ மக்களின் முதற்கால முகப்படங்கள் பற்றிய வகுப்புக் குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. படமெடுக்க உட்காரும் ஆளை ஆங்கிலத்தில் 'சிட்டர்' என்கிறார்கள். 'படப்பொருள்' என்று போட்டேன், மனம் ஒப்பவில்லை. 1873இல் டிமத்தி ஓசல்லிவன் டிஃபையன்ஸ் கோட்டையருகே எடுத்த தறிப் படத்தின் தலைப்பில் ஒருவர் பெயரும் கிடையாது. நாமும் ஆளைப் பொருளாக்க வேண்டுமா?

ச.: 'அமர்வோர்' போதுமே. 'முகத்தான் அமர்ந்து இனிதுநோக்கி': முகம், அமர்வு, நோக்கு மூன்றும் ஒரே அடியில்!

க.: ஐயா, அங்கே அமர்தல் விரும்புதல். 'அமர்தல் மேவல்', தொல்காப்பியம். போரும் அமர்தான். அமெரிக்கப் படையை எதிர்த்து நின்ற நவஹோ தலைவர் மானுவெலிட்டோவுக்கு (1874, வாஷிங்டன், சார்லஸ் பெல் எடுத்த படம்) அது பொருந்தலாம். ஆனால் பெயருக்கு முன் போட்டால் கண் 'அமரர்' என்றே படிக்கும்.

த.: நின்றவர்களும் உண்டே. உட்காருவதைவிட அசையாமைதான் முக்கியம். அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் 3 நிமிடம்போல முக்கி, ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவ வேண்டும். 10–15 நிமிடம்தான் கெடு, வறண்ட காற்றில் அதுவும் இல்லை. ஓரம் காய்ந்தால் டெவலப்பர் சீராக ஓடாது, திட்டு விழும். ஒளிபடுவது பல நொடி. அதனால்தான் ஸ்டூடியோவில் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை. அது தலையைப் பிடிக்காது, தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவே. நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் அதன் அடிப்பகுதி சில படங்களில் தெரியும்.

கேட்காத ஒன்று: இந்தத் தட்டில் நீலம் வெளுக்கும், சிவப்பு கறுக்கும். போர்வையின் சிவப்புப் பட்டை கரியாக விழும், அவுரிப் பட்டை வெளிறும். தோலும் உள்ளதைவிடக் கறுப்பாகத்தான் விழும். படத்தைப் பார்த்து நிறம் எழுதிவிடாதீர்கள்.

ச.: சரி, கதைமாந்தர் போல 'படமாந்தர்'?

க.: சினிமா என்று நினைப்பார்கள். 'முகங்கொடுத்தவர்' எப்படி?

யோ.: எங்கட பக்கம் முகங்கொடுக்கிறதெண்டால் இடரை எதிர்கொள்ளுறது. 1864இல அமெரிக்கப் படையால பொஸ்கே ரெடொண்டோ தடுப்பு முகாமுக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டு, 1868 உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பின சனத்துக்கு அதுவும் சரிதான்.

த.: புகைப்படக்காரர் எட்வர்ட் கர்டிஸ் 1904இல் எடுத்த குதிரை வரிசையில் எல்லாரும் முதுகைக் காட்டிப் போகிறார்கள். அமர்ந்துதான் இருக்கிறார்கள், குதிரைமேல். முகம்தான் கொடுக்கவில்லை.

க.: அது கிடக்கட்டும், 'நவஹோ'வில் ஹ எதற்கு? நவகோ.

ந.: அவர்கள் தங்களைச் சொல்வது டினே, 'மக்கள்' என்று பொருள்.

க.: டகரம் மொழிமுதல் வராது. இடினே.

ச.: ஐயா, ஒரு இனத்தின் பெயரையே திருத்துவீர்களா?

ந.: நாள் போகிறது. படமாந்தர் என்றே போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் 'படத்துக்கு இருந்தவர்' என்று விளக்கம். ஹ இருக்கும்.

க.: என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும்.