மாவு யாவாரத்துக்கு ஆள் போடலாமா? அவசரம்

மாவுக்காரி:
வீட்டுல இட்லி மாவு அரைச்சுக் கடைகளுக்குப் போடுறேன். ஒண்டியா முடியல. ஆள் போடலாமா வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க, அரிசி ஊறிட்டு இருக்கு.

கெடிலக்கரை:
எந்த ஊரு? தினம் எத்தனை கிலோ? எந்த வேலைல முடியல, அரைக்கிறதுலயா, கட்டுறதுலயா, கொண்டு போறதுலயா?

பழுத்த கணக்கு:
மாசத்துக்கு நாலு பேரு இதையே கேக்குறீங்க. பழைய இழையத் தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் கிடையாது. லாபம் எவ்ளோன்னு தெரியாம ஆள் பத்திப் பேசறதே வீண்.

முத்தியால்பேட்டை:
ஆளே வேணாம். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கிப் போடுங்க. மெஷின் லீவு கேக்காது, தீபாவளிக்கு அட்வான்ஸ் கேக்காது.

செம்மண்டலம் அக்கா:
கரண்ட் போற அன்னிக்கு மெஷினும் லீவுதான் தம்பி.

மாவுக்காரி:
கடலூர் திருப்பாப்புலியூர். 10 லிட்டர் டில்டிங் ஏற்கனவே இருக்கு. தினம் 60 பாக்கெட், ஒரு கிலோ. 7 கடை. பாக்கெட்டுக்கு 10 ரூபா நிக்கும். காலைல 5 மணிக்குக் கட்ட உக்காந்தா 7 மணிக்குள்ள எல்லாக் கடைக்கும் போயாகணும், அங்கதான் மாட்டுது. மஞ்சக்குப்பத்துல ஒரு கடைக்காரர் 30 கேக்குறாரு, முடியாதுன்னுட்டேன்.

முத்தியால்பேட்டை:
அப்ப 20 லிட்டர் வாங்குங்க.

கெடிலக்கரை:
யோவ், அவங்களுக்கு அரைக்கிறது பிரச்சினையே இல்ல!

மா, அந்த 10 ரூபா, புளிச்சுத் திரும்பி வர்ற பாக்கெட்டக் கழிச்சா, கழிக்காமலா? இப்ப மாசம் 18,000 வருது. முழு நேர ஆளுக்கு 9,000 குடுத்தாலே பாதி போச்சு. உங்களுக்கு ஆள் வேண்டியது காலைல ரெண்டு மணி நேரம் மட்டும். ஒரு நாளைக்கு 150ன்னு வச்சா 15 பாக்கெட் கூட வித்தாப் போதும். மஞ்சக்குப்பம் 30 வாங்கினா ஆள் கூலி போக இன்னொரு 150 மிஞ்சும். ஆனா ஒரே கடைய நம்பி எறங்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு, முடியாதுன்னு திருப்பி அனுப்புற ஆர்டரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. தினம் 15க்கு மேல நின்னா ஆள் போடுங்க.

பழுத்த கணக்கு:
கூலி மட்டும் கணக்குப் போட்டா ஆச்சா? ஆள் வச்ச மொத நாள்லயே பி.எஃப். கட்டணும். இதெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க.

செம்மண்டலம் அக்கா:
சார், பி.எஃப். 20 பேரு வேலை பாத்தாத்தான். இ.எஸ்.ஐ.ங்கிற மருத்துவக் காப்பீடு 10 பேரு இருந்தாத்தான். அந்தம்மா ஒரே ஒரு ஆள் கேக்குறாங்க.

பழுத்த கணக்கு:
நான் சொன்னது ஃபேக்டரிக்கு.

செம்மண்டலம் அக்கா:
ஃபேக்டரிக்கும் 20தான்.

முத்தியால்பேட்டை:
எங்க பக்கம் கடைச் சட்டமே வேற.

செம்மண்டலம் அக்கா:
ஆமா, புதுச்சேரிக்கு 1964 சட்டம், நம்ம தமிழ்நாட்டுக்கு 1947. ஆனா பி.எஃப்., இ.எஸ்.ஐ. மத்தியச் சட்டம் தம்பி. அது சோதனைச்சாவடி தாண்டினா மாறாது. நம்ம கடைச் சட்டத்துல 2021ல ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, வேலை பாக்குறவங்க உக்கார இருக்கை போட்டுக் குடுக்கணும். மாவு கட்ட வர்றவளுக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கம்மா, குனிஞ்சே கட்டினா பத்தே நாள்ல இடுப்பு போயிடும்.

பழுத்த கணக்கு:
கேட்டது ஒண்ணு, பேசுறது நாற்காலியப் பத்தி.

முத்தியால்பேட்டை:
பி.எஃப். ஆரம்பிச்சது யாரு சார்?

கெடிலக்கரை:
சண்டைய நிறுத்துங்கப்பா. மா, வெயில் காலத்துல ஆள் தாமதமா வந்தா பாக்கெட் உப்பிடும். வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கிற ஆளாப் பாருங்க. ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா மாசச் சம்பளம் பேசுங்க.

(ஒன்பது நாள் கழிச்சு)

மாவுக்காரி:
பின்னாடி தெரு அக்கா காலைல மட்டும் வர்றாங்க, 150. நோட்டு எழுதினேன், தினம் 22 வந்துச்சு. மஞ்சக்குப்பம் 20தான் எடுக்குறாரு. நன்றி.

கெடிலக்கரை:
திரும்பி வர்ற பாக்கெட் எத்தனைன்னு இன்னும் சொல்லலியே?

முத்தியால்பேட்டை:
20 லிட்டர் ஒண்ணு என்கிட்ட விலைக்கு இருக்கு, வேணும்னா சொல்லுங்க.