எட்டு மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் போட்டோ, வீட்டிலேயே எடுக்க முடியுமா?

லயத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கேரளத்தில் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் இருக்கிறோம். பையனுக்கு எட்டு மாதம். அவன் அப்பா சார்ஜாவில், பிள்ளையை இன்னும் நேரில் பார்த்ததே இல்லை, அதனால்தான் அவசரமாக பாஸ்போர்ட் எடுக்கிறோம். போன வாரம் மழையோடு மழையாக பஸ் ஏறிப் போய் ஒரு ஸ்டுடியோவில் உட்கார வைத்தேன். குடை மாதிரி இருக்கிற அந்த லைட் ஒரு தடவை பளிச்சென்று அடித்ததுதான், அப்புறம் என் கழுத்தை விடவே இல்லை, ஒரே கத்தல். அந்த அண்ணன் எப்படியோ என் தோளில் இருந்தபடியே ஒன்று எடுத்து, கம்ப்யூட்டரில் என்னை வெட்டி எறிந்துவிட்டு வெள்ளை பேக்கிரவுண்ட் போட்டுக் கொடுத்தார். என்னை வெட்டும்போது பையனின் ஒரு காதையும் பாதி வெட்டிவிட்டார். அதைக் கொண்டுபோய் நீட்டினால் கவுன்டரில் இருந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார், இது வேண்டாம், வேறு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்ப செவ்வாய்க்கிழமைக்கு தேதி வாங்கியிருக்கிறேன்.

இப்போது கேள்வி: வீட்டிலேயே போனில் எடுத்தால் ஒத்துக்கொள்வார்களா? எங்கள் சுவர் பாதி நீலம், பாதி மஞ்சள், மழையில் ஊறிப் பூத்துக் கிடக்கிறது. வெள்ளைச் சுவர் என்று இந்த வரிசையில் எந்த வீட்டிலும் கிடையாது. போன் சாதாரண ஆண்ட்ராய்டுதான்.

பிஎஸ்சி_கனவு:

அக்கா, ஒரு சந்தேகம், பாஸ்போர்ட் ஆபீசில் அவர்களே கேமரா வைத்து எடுப்பார்களே? நான் எடுத்தபோது போட்டோ எதுவுமே கேட்கவில்லையே.

தேனிக்காரன்_துபாய்:

தம்பி, அது பெரியவர்களுக்கு. இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போனால் உன்னையும் என்னையும் அங்கேயே உட்கார வைத்து எடுத்துவிடுவார்கள். நாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் கையில் கொண்டு போக வேண்டும், 4.5 சென்டிமீட்டர் உயரம், 3.5 அகலம், வெள்ளை பேக்கிரவுண்ட். அதாவது அசையாமல் உட்காரத் தெரிந்தவனுக்கு போட்டோ வேண்டாம், உட்காரவே தெரியாதவனுக்குத்தான் வேண்டும்!

அக்கா, நீங்கள் தாராளமாக வீட்டில் எடுக்கலாம். ஸ்டுடியோ சீல் எல்லாம் யாரும் கேட்பதில்லை. இங்கே வெளிநாட்டில் நிலைமை வேறு, 2025 செப்டம்பர் 1 முதல் தூதரகம் வழியாக பாஸ்போர்ட் எடுக்கிற எல்லாருக்கும் புது விதி. 630க்கு 810 பிக்சல், முகம் மட்டுமே படத்தில் 80 முதல் 85 சதவீதம், கம்ப்யூட்டரில் எந்தத் திருத்தமும் செய்திருக்கக் கூடாது. நான் ரூமில் பங்க் பெட் ஓரமாக நின்று செல்பி எடுத்து, ஆப்பில் பின்னாடி இருந்ததை அழித்து, அழகாக வெள்ளையாக்கிக் கொண்டு போனேன். என் தலைமுடியைச் சுற்றி எலி கடித்த மாதிரி இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். வெட்டி ஒட்டுகிற வேலையே வேண்டாம், பின்னால் நிஜமாகவே வெள்ளையாக ஏதாவது இருக்கட்டும், அவ்வளவுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

கம்பம்_ஸ்டுடியோ:

இதற்கு நான் பதில் சொல்வது என் கடைக்கு நானே பூட்டுப் போடுகிற மாதிரி. இருந்தாலும் எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் அலைகிறீர்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தங்கச்சி, முதலில் சுவரை மறந்துவிடுங்கள். வீட்டில் ஆம்பளை வேட்டி இருக்குமே, நல்ல வெள்ளையாக ஒன்றை எடுத்து இரண்டாக மடித்து அயர்ன் பண்ணுங்கள். கரை வெளியே தெரியாமல் மடிக்க வேண்டும், ஒற்றையாகப் போட்டால் பின்னால் இருக்கிற நாற்காலி நிழலாடும். முதுகு சாய்கிற பிளாஸ்டிக் நாற்காலி மேலே அதை உச்சியிலிருந்து இறக்கிப் போட்டு, பிள்ளையை அதில் உட்கார வையுங்கள். படுக்க வைத்து மேலேயிருந்து எடு என்று பலரும் சொல்வார்கள், அது மூன்று மாதப் பிள்ளைக்குச் சரி, எட்டு மாதத்துக்காரன் முதுகு தரையில் பட்ட அடுத்த நிமிடம் குப்புற விழுந்து தவழப் போய்விடுவான். அதோடு போன் கை நழுவி பிள்ளை முகத்தில் விழுந்த கதையும் எனக்குத் தெரியும். நாற்காலிதான் நல்லது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, வேட்டிக்கு உள்ளே கையை விட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். கை வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது வெளிச்சம், இதில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டுக்குள்ளே டியூப் லைட்டில் எடுக்காதீர்கள். உங்கள் லயத்துத் திண்ணை இருக்கிறதே, அது என் ஸ்டுடியோவைவிட நல்ல ஸ்டுடியோ. மேலே கூரை இருப்பதால் உச்சி வெளிச்சம் விழாது, நெற்றி பளபளத்து கண் குழி இருட்டாகிற தொல்லை கிடையாது. எதிரே முற்றத்து வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்கு. நாற்காலியை முற்றத்தைப் பார்க்கப் போடுங்கள். வெயில் நேராக அடிக்கிற நேரம் வேண்டாம், மூடாப்பாக இருக்கும்போது எடுங்கள், உங்கள் மலையில் இந்த மாதத்தில் அதற்கா பஞ்சம்? ஆமாம், சாரலுக்காகத் திண்ணையில் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பீர்களே, அதைக் கழற்றிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் பையன் நீலமேக சியாமளனாகத்தான் வருவான்.

போனில் பின்பக்கக் கேமராதான், செல்பி கேமரா ஆகாது. பியூட்டி, போர்ட்ரெய்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள், போர்ட்ரெய்ட் காது ஓரத்தையும் முடியையும் மங்கலாக்கிவிடும், திரும்பவும் பாதிக் காதுதான் மிஞ்சும். பிளாஷ் கூடவே கூடாது. பிள்ளைக்குப் பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். ஒரு கை தூரத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகி காது பின்னால் ஓடிவிடும். ஐந்தடி தள்ளி, உட்கார்ந்து, போனைப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் கொண்டு வந்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் அவன் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், வெள்ளைத் துணியைப் பார்த்ததும் போன் ரொம்ப வெளிச்சம் என்று நினைத்து முகத்தை இருட்டடித்துவிடும். அப்புறம் ஒன்று இரண்டு எடுத்துவிட்டுப் பார்க்காதீர்கள், பட்டனை அழுத்திப் பிடித்து நூறு எடுங்கள், பிலிமா வீணாகப் போகிறது? அந்தக் காலத்தில் ஒரு ரோலில் 36தான், பிள்ளை போட்டோ என்றால் அப்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

சட்டை வெள்ளை வேண்டாம், தலை மட்டும் தனியாக மிதக்கிற மாதிரி வரும். அடர் நிறமாகப் போடுங்கள்.

லயத்துக்காரி:

அண்ணே, ரொம்ப நன்றி. தார்ப்பாய் கட்டியிருக்கிறோம் என்று எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ! இன்னொரு விஷயம், என் மாமியார் தினமும் காலையில் பையனுக்குக் கன்னத்தில் எட்டணா அகலத்துக்கு மைப்பொட்டு வைத்து, புருவமும் தீட்டிவிடுவார். போட்டோவுக்கு அழிக்க வேண்டும் என்று சொன்னேன். போட்டோ எடுக்கும்போதுதான் கண்ணு படும், அப்பத்தான் கண்டிப்பா பொட்டு வேணும் என்கிறார். என்ன செய்வது?

கம்பம்_ஸ்டுடியோ:

உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள். பெரியவருக்கும் திருப்தி, கேமராவுக்கும் தெரியாது. என்னிடம் வருகிற பாதிப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். கன்னத்தில் அந்த அளவுக்கு மை இருந்தால் கவுன்டரில் கேள்வி வரும், எதற்கு வம்பு. தீட்டின புருவத்தையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் முகத்தில் மினுங்காமல் நன்றாக ஒற்றி எடுங்கள்.

பிஎஸ்சி_கனவு:

அண்ணா, இதே வேட்டி டெக்னிக்கில் கேரள பிஎஸ்சிக்கும், அதாவது அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற தேர்வாணையத்துக்கும் எடுக்கலாமா? தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் போடுகிற வேலைக்கு எழுதப் போகிறேன்.

கம்பம்_ஸ்டுடியோ:

எடுக்கலாம் தம்பி, ஆனால் அது வேறு கணக்கு. 150க்கு 200 பிக்சல், 30 கேபிக்குள், படத்துக்கு அடியில் உன் பெயரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததையே கொண்டுபோய் ஏற்றிவிடாதே, பெயரும் தேதியும் இல்லாமல் ஏற்றிவிட்டு அப்புறம் என்னிடம் வந்து நிற்கிறவர்கள் நிறைய. போன வாரம் ஒரு பையன் அமெரிக்க விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு வந்தான், அவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலம், சதுரம். அதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்திருந்தான், 2016 நவம்பரிலிருந்தே அது ஆகாது. பாஸ்போர்ட் சைஸ் என்று ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு அளவு வைத்திருக்கிறார்கள், என்ன செய்ய.

தேனிக்காரன்_துபாய்:

அக்கா, படத்தைப் பிரிண்ட் கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிச் சின்னதாக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்புறம் 4க்கு 6 அங்குலத் தாள் ஒன்றில் இந்த அளவில் எட்டு படம் தாராளமாக அடங்கும், எட்டு பிரிண்ட்டுக்கு எட்டு காசு கொடுக்காதீர்கள்.

கம்பம்_ஸ்டுடியோ:

தம்பி, நீ துபாயில் இருந்துகொண்டு ஊரில் இருக்கிற ஸ்டுடியோவை எல்லாம் மூட வைக்கிறாய்! ஆனால் சொன்னது சரி. தங்கச்சி, ஒன்றை மட்டும் பிரிண்ட் போடுகிறவரிடம் அழுத்திச் சொல்லுங்கள், தாளுக்குத் தகுந்த மாதிரி பெரிதாக்க வேண்டாம், உள்ளது உள்ளபடி போடுங்கள் என்று. ஓரமில்லாமல் போட்டால் மெஷின் தானாகக் கொஞ்சம் பெரிதாக்கிவிடும், 45 மில்லி 47 ஆகிவிடும். கையோடு ஒரு ஸ்கேல் வைத்து அங்கேயே அளந்துவிட்டு வெட்டுங்கள்.

லயத்துக்காரி:

எடுத்துவிட்டோம்!! கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சனிக்கிழமை முழுவதும் பெய்து ஊற்றியது. ஞாயிறு பத்து மணிக்குக் கொஞ்சம் வெறித்தது, மேலே ஒரே வெள்ளையாக மூடம், அண்ணன் சொன்ன அதே வெளிச்சம். தார்ப்பாயை அவிழ்த்தோம், அதில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் என் தலையில். மாமனாருடைய ஓணத்து முண்டுதான் வெள்ளை என்று எடுத்தேன், ஒரு சாண் அகலத்துக்குக் கசவுக் கரை, மடித்து மடித்துப் பார்த்தும் எங்காவது தங்கமாக எட்டிப் பார்க்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியை வாங்கி வந்தோம். மாமியார் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார், பின்னாலிருந்து பேரனோடு பேசிக்கொண்டே இருந்ததால் அவன் திரும்பித் திரும்பி அவரைத்தான் தேடினான். முதல் அறுபது எழுபது படத்தில் பிடரிதான் இருக்கிறது.

அப்புறம் நாத்தனார் மகள் முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து என் தலைக்கு மேலே பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். சத்தம் கேட்டதும் அப்படியே நிமிர்ந்து, கண்ணை அகல விரித்து, இது என்னடா என்று ஒரு பார்வை. அந்த இரண்டு நொடியில் எடுத்ததில் மூன்று படம் தேறியது. இரண்டு காதும் இருக்கிறது! உள்ளங்கால் பொட்டுக்கு மாமியார் சம்மதித்தார், ஆனால் இரண்டு காலிலும் வைத்துவிட்டார், வேட்டி முழுக்க மை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.

நேற்று கவுன்டரில் அதே அம்மாதான். போட்டோவைப் பார்த்துவிட்டு, எந்த ஸ்டுடியோவில் எடுத்தீர்கள் என்று கேட்டார். எங்கள் திண்ணையில் என்றேன். சிரித்துவிட்டு ஒட்டிக்கொண்டார்.

தேனிக்காரன்_துபாய்:

சூப்பர் அக்கா. அந்தப் பிடரி போட்டோக்களை அழிக்காதீர்கள், சார்ஜாவுக்கு அனுப்புங்கள், அண்ணன் அதைத்தான் அதிகம் பார்ப்பார்.

கம்பம்_ஸ்டுடியோ:

வேட்டியில் பட்ட மையைச் சோப்புப் போடுவதற்கு முன்னால் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், அப்புறம் துவையுங்கள், போய்விடும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு என்னை விட்டுவிட்டீர்கள், சரி. முதல் பிறந்தநாளுக்காவது மலை இறங்கிக் கம்பத்துக்கு வாருங்கள் தங்கச்சி, பிளாஷ் அடிக்க மாட்டேன், முறுக்கு டப்பாவை நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.