1098-டி ஃபார்ம் வரலையா? முதல்ல உங்க விசாவைப் பாருங்க

ஜனவரி முடியும்போது அமெரிக்காவுக்குப் புதுசா படிக்க வந்த பசங்க கேட்கிறது இதுதான்: "அண்ணா, ரூம்மேட்டுக்கு 1098-டி வந்துடுச்சு, எனக்கு வரலை. காலேஜ்ல போய்க் கேட்கணுமா?"

பதறாதீங்க. அந்த வருஷம் நீங்க கட்டின டியூஷனுக்கு காலேஜ் தர்ற ஃபார்ம் அது. ஜனவரி 31-க்குள்ள தரணும்; அது சனி, ஞாயிறா இருந்தா அடுத்த வேலை நாள். ஆனா வரிக் கணக்குல நான்-ரெசிடென்ட்டா (அமெரிக்காவுல வசிக்காதவரா) இருக்கிற மாணவருக்கு, அவரே கேட்டாத்தான் தரணும். எஃப்-1 மாணவர் விசாவுல வந்தவங்க பொதுவா முதல் 5 காலண்டர் வருஷம் நான்-ரெசிடென்ட். டிசம்பர்ல வந்து இறங்கினாலும் அது ஒரு வருஷம்தான். டியூஷன் முழுக்க ஸ்காலர்ஷிப்ல போறவங்களுக்கும் காலேஜ் தந்தே ஆகணும்னு இல்லை.

எனக்குக் கவலை, ஃபார்ம் கைக்கு வந்தவங்களைப் பத்திதான். சாதாரண டாக்ஸ் சாஃப்ட்வேர்ல அதைப் போட்டா, 1,000 டாலர் வரைக்கும் ரீஃபண்ட் காட்டும். "எனக்கு வந்துச்சு, நீயும் போடு"ன்னு சீனியர் சொல்லுவான். போடாதீங்க. அந்தப் படிப்புச் செலவு வரிச் சலுகை ரெசிடென்ட்டுக்கு. நீங்க ஃபைல் பண்ண வேண்டியது நான்-ரெசிடென்ட்டுக்கான ரிட்டர்ன், 1040-என்ஆர். ரெசிடென்ட் துணையோட சேர்ந்து, ரெசிடென்ட்டாவே ஃபைல் பண்றவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஏற்கெனவே வாங்கியிருந்தா, ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதம் வர்றவரைக்கும் காத்திருக்காம 1040-எக்ஸ்ங்கிற திருத்த ஃபார்மைப் போட்டுத் திருத்துங்க. நாளைக்கு கிரீன் கார்டுக்கு நிற்கும்போது பழைய ரிட்டர்னைக் கேட்கலாம்.

ஃபார்மைக் கேட்டு வாங்க வேண்டியவங்களும் இருக்காங்க. வீட்டுக்காரர் எச்-1பி வேலை விசா, நீங்க அவரோட குடும்பத்துக்கான எச்-4 விசாவுல மாஸ்டர்ஸ் படிக்கிறீங்க, ரெண்டு பேரும் ரெசிடென்ட், ஜாயின்ட் ஃபைலிங்னா, லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்ங்கிற படிப்புச் செலவு வரிச் சலுகை 2,000 டாலர் வரைக்கும் கிடைக்கலாம். வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினா குறைய ஆரம்பிக்கும், 1,80,000-ல நின்னுடும். 2026 வரியாண்டுல இருந்து சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கணும்ங்கிற நிபந்தனையும் வந்திருக்கு. எச்-4 தங்கச்சிங்க அதைப் பார்த்துட்டுப் போடுங்க.

கட்டின பணத்துக்கும் ஃபார்ம்ல இருக்கிறதுக்கும் வித்தியாசம் வந்தா பயப்படாதீங்க. ஹாஸ்டல், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எதுவும் கட்டின டியூஷனைக் காட்டுற பாக்ஸ் 1-ல வராது. ஜனவரி செமஸ்டர் ஃபீஸை டிசம்பர்லயே கட்டியிருந்தா, அது கட்டின வருஷத்துலதான் வரும். பாக்ஸ் 7-ல டிக் இருக்கும். பணம் கட்டின ரசீதை எல்லாம் எடுத்து வைங்க.

எஃப்-1 பசங்க, 1098-டி-யை விட்டுட்டு 8843-ஐ (மாணவரா தங்கியிருக்கேன்னு ஐஆர்எஸ்-க்குச் சொல்ற ஃபார்ம்) மறக்காம அனுப்புங்க. ஒரு டாலர் சம்பாதிக்கலைன்னாலும் அது உண்டு. கேம்பஸ் வேலை பார்க்கிறவங்க, இந்தியாவுல இருந்து வந்திருந்தா, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தோட 21(2) பிரிவுப்படி, வருமானத்துல ஒரு நிலையான தொகையைக் கழிக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம். இலங்கையில இருந்து வந்தவங்களுக்கு இந்த வசதி இல்லை.