சரண் சிங் பிரதமராக இருந்தது 23 நாளா, 170 நாளா?

வெண்ணாற்றங்கரை:
சுவாமிமலையார் நேற்று இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஆட்சி கவிழ்ந்த பின் வரும் பிரதமர்களை வழிப்போக்கர்களைப் போல நினைக்கக் கூடாதாம். சரண் சிங் 170 நாள் பிரதமராக இருந்தாராம். நடந்தது இதுதான். 1979 ஜூலை 15 அன்று ஜனதா கட்சிப் பிரதமர் மொரார்ஜி தேசாய் விலகினார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி முதலில் அழைத்த ஒய்.பி. சவானால் அமைச்சரவை அமைக்க முடியவில்லை. அதன் பின்னர், இந்திரா காந்தியின் ஆதரவை நம்பி ஜூலை 28 அன்று பதவியேற்ற சரண் சிங், அந்த ஆதரவு கைநழுவியதும் மக்களவையை ஒரு நாள்கூடச் சந்திக்காமல் ஆகஸ்ட் 20 அன்று விலகல் கடிதம் கொடுத்தார். ஆக 23 நாள். முப்பத்தோரு ஆண்டு கரும்பலகை முன் நின்றவனுக்குக் கழித்தல் கணக்கு தெரியும்.

சுவாமிமலை:
ஐயா கடிதம் கொடுத்த நாளோடு கணக்கை மூடிவிட்டார். 1980 ஜனவரி 14 அன்று இந்திரா காந்தி பதவியேற்கும் வரை பிரதமரின் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருந்தார் என்று அவர் சொல்லட்டும். ஜூலை 28 முதல் எண்ணினால் 170 நாள். பிரதமர்களின் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கிறது. அதே அமைச்சரவையில்தான் அண்ணா தி.மு.க.வின் சத்தியவாணி முத்து இடம்பெற்றார். திராவிடக் கட்சி ஒன்று மத்திய அமைச்சரவைக்குள் நுழைந்தது அப்போதுதான். உழவருக்காகப் பேசிய ஒரு தலைவரைக் குறைத்துக் காட்டுவதில் சிலருக்கு என்ன இன்பமோ தெரியவில்லை. 2024 பிப்ரவரி 9 அன்று, நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்ட அதே நாளில்தான் அவருக்கும் அறிவிக்கப்பட்டது.

வெண்ணாற்றங்கரை:
விருதுக்கும் நாள் கணக்குக்கும் என்ன தொடர்பு? கடிதம் கொடுத்த பின் நடந்தது காபந்து. வீட்டைக் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர், அடுத்தவர் வரும் வரை திண்ணையில் படுத்திருந்தால் வீட்டுக்காரர் ஆகிவிடுவாரா? 23 நாள்.

மன்னார்குடி மாணவன்:
பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பிரதமர் பதவியில் இருப்பது வேறு, அவையின் நம்பிக்கையோடு ஆள்வது வேறு. இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமே? காபந்து அரசு என்ற சொல்லே அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. மக்களவை கலைக்கப்பட்ட பிறகும் அமைச்சரவை இருந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971இல் யு.என்.ஆர். ராவ் வழக்கில் கூறியிருக்கிறது.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, வரையறையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குங்கள். இங்கே கேள்வி 23ஆ, 170ஆ என்பதுதான்.

நாகை அலையாத்தி:
டெல்லியையே ஏன் சுற்றுகிறீர்கள்? எங்கள் கரைக்கு எதிரே இலங்கையில் 2022 மே 9 அன்று மகிந்த ராஜபக்ச விலகினார்; 12ஆம் தேதி ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். அவருடைய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இருந்தது ஒரே ஓர் இடம். அதுவும் தேசியப் பட்டியல் வழியாகக் கிடைத்தது. குழப்பம் முற்றினால் எண்ணிக்கையைவிட, அந்த நேரத்தில் யாரை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள் என்பதே முடிவு செய்கிறது. ஜூலை 20 அன்று அதே நாடாளுமன்றம் 134 வாக்குகளுடன் அவரைக் குடியரசுத் தலைவராகவும் ஆக்கியது.

வெண்ணாற்றங்கரை:
ரணில் அவைக்குள் போனார், சரண் சிங் போகவில்லை. என் வாதத்துக்கு வலுச் சேர்த்ததற்கு நன்றி.

சுவாமிமலை:
காபந்து என்றால் திண்ணையில் படுத்திருப்பது என்று ஐயா நினைத்துக்கொண்டிருக்கிறார். சந்திரசேகர் 1991 மார்ச் 6 அன்று விலகினார். ஆனால் அந்த மே மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடிக்காக 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது அவருடைய காபந்து அரசின் காலத்தில்தான். திண்ணையில் படுத்திருப்பவர் வீட்டு நகையை எடுத்துக் கொடுப்பாரா?

பாபநாசம் வாய்க்கால்:
தங்கம் கிடக்கட்டும், தண்ணீரைப் பேசுங்கள். காவிரி நடுவர் மன்றத்தை 1990 ஜூன் 2 அன்று அமைத்தது வி.பி. சிங் அரசு. அது நவம்பரில் கவிழ்ந்தது. 205 டி.எம்.சி. என்ற இடைக்கால ஆணை 1991 ஜூன் 25 அன்று வந்தபோது நரசிம்ம ராவ் பதவியேற்று நான்கே நாள் ஆகியிருந்தது. ஓராண்டுக்குள் மூன்று பிரதமர்கள். ஜூன் 12ஐ எதிர்பார்த்து மேட்டூரைப் பார்த்துக் கிடக்கும் நமக்கு, அங்கே இருப்பவர் காபந்தா, முழுப் பிரதமரா என்பதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு.

வெண்ணாற்றங்கரை:
முக்கொம்பில் 2018இல் மதகுகள் உடைந்தது காவிரியில் என்று இதே இடத்தில் அடித்துப் பேசியவர் நீங்கள்தானே? அது கொள்ளிடம் என்று நான் எடுத்துக் காட்டிய பிறகும் நீங்கள் ஒரு சொல் திருத்தவில்லை. உங்களிடம் நான் நீர்க் கணக்குக் கற்க வேண்டுமா?

பாபநாசம் வாய்க்கால்:
அதை நீங்கள் எத்தனை ஆண்டு சுமப்பீர்கள் என்று தெரியவில்லை. சரண் சிங்கின் பெயரைச் சொல்கிறீர்களே, 1979 இடைத்தேர்தலில் இந்திரா காந்தி நம் தஞ்சாவூரில் நிற்பார் என்ற பேச்சு எழுந்து, பிறகு அவர் நிற்காமல் போனது நினைவிருக்கிறதா? அவர் இங்கிருந்து மக்களவைக்குப் போயிருந்தால் அந்த ஜூலை மாதக் கதையே வேறு.

சுவாமிமலை:
வேறு ஆகியிருக்காது. ஜனதா தன் உள்சண்டையால் உடைந்தது; தஞ்சாவூர் வாக்காளர் அதற்கு என்ன செய்ய முடியும்? எல்லாவற்றுக்கும் தஞ்சாவூரே அச்சாணி என்று நினைப்பது உங்கள் ஊர்ப் பெருமை.

வெண்ணாற்றங்கரை:
இடைத்தேர்தல் கதையில் என் கேள்வியை மறைக்க வேண்டாம். ஆகஸ்ட் 22 அன்று, ஜனதா கட்சியின் ஜகஜீவன் ராம் ஆட்சி அமைக்க உரிமை கோரிக்கொண்டிருந்தபோதே மக்களவை கலைக்கப்பட்டது. அவையே இல்லாத நாட்டில் ஒருவர் யாருடைய நம்பிக்கையில் பிரதமராக இருந்திருக்க முடியும்? 23 நாள்.

மன்னார்குடி மாணவன்:
ஐயா, நீங்கள் இப்போது சொல்வதும் வரையறைதான். அதோடு, பதவியேற்ற நாளையும் சேர்த்து எண்ணினால் உங்கள் கணக்கே 24 நாள் வருகிறது.

வெண்ணாற்றங்கரை:
முதல் நாளையும் சேர்த்து எண்ணுவது பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான், தம்பி.

சுவாமிமலை:
ஐயா ஆகஸ்ட் 20 அன்று செய்துவைத்தது அந்தக் காரியம்தானே! அப்படியானால் 24 என்றாவது திருத்துங்கள். முறைப்படி 170.

வெண்ணாற்றங்கரை:
எனக்கு ஆற்றுப்பாசன முறை வந்துவிட்டது, வயலுக்குப் போகிறேன். இரவு வந்து தேதி வாரியாக எழுதுகிறேன். அதுவரை 23.