சின்ன லேத்தில் இஎன் 24 கலப்பு எஃகு கடைந்தவர்கள் சொல்லுங்களேன்

மினிலேத், கோவை:
கார் ஷெட்டில் 550 வாட் மோட்டார் போட்ட சின்ன லேத் ஒன்று வைத்திருக்கிறேன். சாதாரண கார்பன் எஃகான இஎன் 8 வரைக்கும் தொல்லையில்லாமல் ஓடும். பெஞ்ச் வைஸ் ஸ்குரூவுக்காக உக்கடம் பழைய இரும்புக் கடையில் 40 மி.மீ. இஎன் 24 துண்டு கிடைத்தது. முனையைத் தட்டையாக்க ஃபேஸிங் போட்டால் ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல் கிறீச்சிட்டு உடனே மழுங்குகிறது. சாணை பிடித்து வைத்தாலும் அதே கதைதான். ஆனால் முனையை விட்டுத் தள்ளி வெளிவட்டத்தைக் கடைந்தால் சுருள் அழகாக வருகிறது. ஒரே துண்டில் எப்படிங்க இரண்டு குணம்?

ஓய்வுபெற்ற டர்னர், துவாக்குடி:
தம்பி, அந்த முனையை நல்லா பாருங்க. வரிவரியாக இருந்தால் கேஸ் கட்டிங்கில், அதாவது வாயுத் தீயில், அறுத்தது. இஎன் 24-இல் நிக்கல் சுமார் ஒன்றரை சதவீதம், குரோமியம் ஒன்றுக்குச் சற்று மேல், கூடவே கொஞ்சம் மாலிப்டினம். அதனால் செக்கச் சிவக்கக் காய்ந்த பிறகு எண்ணெயில் முக்கவே வேண்டாம், சும்மா ஆறினாலே இறுகிப்போகும். அறுத்த இடத்தில் நடந்தது அதுதான். அரம் வைத்துப் பாருங்க. கடிக்காமல் வழுக்கினால், முனையிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி ஹாக்ஸாவில் அறுத்துத் தள்ளிவிடுங்க. டூலோடு மல்லுக்கட்டாதீங்க.

நான் வேலை பார்த்த பட்டறையில் புதுசா வந்த பையன் ஒருத்தன், இளக்குவதாக நினைத்து ஒரு துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து பார்த்தால் முன்னைவிட மோசம். இஎன் 8-க்கு ஓடுகிற வைத்தியம் இதற்கு ஓடாது. சாம்பலில் புதைத்து ஏமாந்தவர்களும் உண்டு, சின்னத் துண்டு அதிலும் சீக்கிரம் ஆறிவிடும். மங்கலான சிவப்பு, 650 டிகிரி வாக்கில், தாண்டாமல் ஒரு மணி நேரம் வைத்தால் கடைகிற அளவுக்கு இளகும். அப்புறம் எப்படி ஆறினாலும் பரவாயில்லை.

சக்கு சாவி, ஆவடி:
ஐயா சொன்னதோடு ஸ்பீடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெச்எஸ்எஸ் டூலுக்கு நிமிடத்துக்கு 15 மீட்டர் என்று வைத்தால், 40 மி.மீ. தண்டுக்கு 120 ஆர்பிஎம்தான் வரும். நம் மாதிரி லேத்தில் சிக்கலே அங்கேதான். நாப்பைத் திருகி வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் சக்தியும் சேர்ந்து குறையும். லோ கியரில் போட்டு ஓட்டுங்கள்.

கார்பைடு டிப் (டூல் நுனியில் மாட்டும் கடினமான வெட்டுத் துண்டு) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. நுனி ரேடியஸ் 0.4 மி.மீ. உள்ள சாதாரண டிப்பில் 0.05 மி.மீ. கட் வைத்தால், அது வெட்டாது, தேய்க்கும். ஃபினிஷ் மங்கி, அளவும் ஏமாற்றும். பெரிய கட் வைக்க நம் மெஷினுக்குத் தெம்பு இல்லை. அலுமினியத்துக்கென்று விற்கிற பளபளப்பான சிசிஜிடி டிப்பைக் கடைசிக் கட்டுக்குப் போட்டுப் பார்த்தேன், அருமை. விளிம்பு கூர்மை என்பதால் முதலில் பெரிதாக வெட்டும் ரஃப்பிங்கில் மட்டும் சீக்கிரம் பொரிந்துவிடும். இன்னொன்று, கார்பைடு மேல் கூலண்டை விட்டுவிட்டு ஊற்றாதீர்கள். சூடும் குளிருமாக மாறி டிப்பில் விரிசல் விழும். ஒன்று தொடர்ந்து விடுங்கள், இல்லையென்றால் கூலண்டே இல்லாமல் ஓட்டுங்கள்.

பழைய லேத், மதுரை:
லாரி ஆக்சிலும் இதே வேலையைக் காட்டும், ஆனால் அங்கே முரண்டு பிடிப்பது வெளித்தோல். இண்டக்‌ஷனில் (மின்காந்தச் சூட்டில்) மேலே மட்டும் இறுக்கியிருப்பார்கள். முதல் கட்டிலேயே தோலுக்கு அடியில் போய்விட வேண்டும். சின்ன லேத்துக்கு அது ஆகாது. நான் ஆக்சில் பக்கமே போவதில்லை. அப்புறம், நீலமாக வரும் சுருளைக் கையால் இழுக்காதீங்க. ஒரு கொக்கிக் கம்பி வைத்துக்கொள்ளுங்க.

மினிலேத், கோவை:
துவாக்குடி ஐயாவுக்கு நன்றிங்க. வரி இருந்தது, அரமும் வழுக்கியது. முனையை அறுத்துத் தள்ளியதில் ஹாக்ஸா பிளேடும் என் தோளும் சேர்ந்து தேய்ந்தன. இப்போது லோ கியரில் ஃபேஸிங் சத்தமில்லாமல் வருகிறது. அடுத்து ஸ்குரூ மரை. சதுரப் பல் உள்ள ஸ்கொயர் மரை போடுவதா, பக்கம் சரிந்த அக்மே போடுவதா? அக்மே என்றால் டூலைச் சாணை பிடிக்கக் கோணம் பார்க்கும் கேஜ் உங்களிடம் இருக்கிறதா?