பத்தே நிமிடத்தில் துரோகி யாரென்று தெரிந்துவிடுகிறது: எதை மாற்றலாம்?

கேள்வி (ஒத்திகைக்கூடம்): ஒன்றரை மணி நேர நாடகம். பாசக்கார அண்ணன்தான் துரோகி என்பது கடைசிக் காட்சியில்தான் உடைய வேண்டும். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் பத்தாவது நிமிடமே "இவன்தானே?" என்கிறார்கள். நடிப்பில் குறையில்லை. அண்ணனாக நடிப்பவருக்குக் கருப்புச் சட்டை, தலைக்கு நேர் மேலே ஒரு ஸ்பாட், உயரமான நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி.

ஒளிமேசை: முதலில் அந்த டாப் லைட்டைக் குறையுங்கள். நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் புருவ நிழல் கண்குழியை மூடிவிடும். கண் தெரியாத ஆளை யார் நம்புவார்கள்? முன்பக்கம் இடமும் வலமுமாக 45 பாகையில் இரண்டு விளக்குகள், உயரமும் 45 பாகை, ஒன்றுக்கு இளஞ்சூடான ஜெல் (விளக்கின் முன் மாட்டும் நிறத்தாள்), மற்றதற்குக் குளிர்ச்சியான ஜெல். அமெரிக்க மேடை ஒளியமைப்பாளர் மெக்கேண்ட்லெஸ் 1932-ல் எழுதிவைத்த முறைதான், இன்றும் கைகொடுக்கும்.

கடைசிக் காட்சியில் டாப் லைட்டை அப்படியே விட்டு, முன் விளக்குகளை மட்டும் 3 நிமிடத்தில் கால் பங்குக்கு இறக்குங்கள். முகம் தானாக இருளும், மாற்றியது யாருக்கும் தெரியாது. அதையே 5 விநாடியில் செய்தால் விளக்குக்காரர் கை வைத்தது தெரிந்துவிடும். இரண்டு தொல்லைகள் உண்டு. டங்ஸ்டன் பல்பு மங்க மங்க மஞ்சளாகும், ஜெல் தந்த குளிர்ச்சி போய்விடும். மலிவான எல்இடி கடைசி 10 சதவீதத்தில் படிப்படியாகக் குதிக்கும், அதனால் அதைப் பூஜ்யம்வரை இறக்காதீர்கள்.

தையல்பெட்டி: கருப்பு மேல் பழி இல்லை. எல்லோரும் வெளிர்நிறத்தில் நிற்க, இவர் மட்டும் கருப்பில் நிற்பதுதான் சிக்கல். மற்றவர்கள் உடுத்தும் நிறத்திலேயே ஒரு சாயல் அழுத்தமாகக் கொடுங்கள். இடைவேளைக்குப் பிறகு அதே தையலில் இன்னும் இரண்டு சாயல் கூட்டி, கழுத்துப் பொத்தானையும் போட்டுவிடுங்கள். துணியை மேடை விளக்கிலேயே பார்த்து முடிவு செய்யுங்கள்: டியூப் லைட்டில் சிவப்பாக இருப்பது பச்சை ஒளியில் கரியாகத் தெரியும்.

தச்சுமேசை: ஒளிமேசை சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். எல்லாத் தடயத்தையும் துடைத்துவிட்டால் முடிவு ஏமாற்றுவேலையாகப்படும். ஒன்றை விட்டுவையுங்கள். மற்றவர்கள் ஒரு வாசலில் வந்துபோக, இவர் மட்டும் எப்போதும் எதிர்ப்பக்கமிருந்து வரட்டும். அப்போது கவனிக்க மாட்டார்கள், முடிவில் நினைவுக்கு வரும்.

நாற்காலி உயரத்தை மட்டும் தலைகீழாக்குங்கள். மற்றவர்களுக்கு 18 அங்குல இருக்கை, இவருக்கு 15. முழங்கால் மேலேறி ஆள் அடங்கித் தெரிவார். கடைசியில் எழுந்து நிற்கும்போது அந்த 3 அங்குலமும் சேர்ந்து பேசும்.

ஒத்திகைக்கூடம்: எங்கள் அரங்கத்தில் தரை சமதளம். 15 அங்குலத்தில் உட்கார்ந்தால் பின்வரிசைக்குத் தலை மட்டும்தானே தெரியும்?

தச்சுமேசை: ஆமாம். அதற்காக இவருக்கு மட்டும் மேடைப்பலகை போட்டுவிடாதீர்கள், பழைய உயரம் திரும்பிவிடும். எல்லா இருக்கைகளையும் ஒரே 8 அங்குலப் பலகையில் ஏற்றுங்கள். பலகை ஏறியதும் தலைகள் விளக்கை நெருங்கும், கோணத்தை மறுபடி பாருங்கள்.