மஹிந்திரா தார் ஜீப்புக்குப் பெரிய வீல் போட்டால் சட்டச் சிக்கல் வருமா?

காரைக்குடியில் ஓடும் 2020 மாடல் தார், 245/75 ஆர்16 டயர். வெளியில் வாங்கும் அலாய் வீலுடன், இதைவிட அகலமும் உயரமும் கூடிய 285/75 ஆர்16 டயர் போடலாமா? தேவகோட்டைப் பக்கம் மணல் பாதைக்குத்தான்.

பதில் 1:
வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரத்திலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கிளப்புவதும் இதைத்தான்.

பதில் 2:
கணக்கும் பாருங்க. உங்க டயர் விட்டம் சுமார் 774 மி.மீ., கேட்பது 834. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64க்கு மேல் ஓடும். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்தால் ஃபெண்டரில் உரசும், பிரேக் தூரமும் கூடும்.
அதே தாரின் மேல் வேரியன்டில் கம்பெனியே தரும் 255/65 ஆர்18 வீல் செட் (விட்டம் 789) பாதுகாப்பான வழி. ஆறு போல்ட், 139.7 மி.மீ. பிசிடி (போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்). நட்டு வீலில் உட்காரும் பக்கத்தின் வடிவம் வீலோடு பொருந்தணும். பொருந்தாவிட்டால் தானே தளரும். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்க. வீலை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் தட்டு போடவே வேண்டாம்.

பதில் 3:
மணலுக்கு அகலத்தைவிடக் காற்றழுத்தம்தான் முக்கியம் அண்ணே. 18 பிஎஸ்ஐக்கு இறக்கி மெதுவா ஓட்டுங்க, தார் ரோடு ஏறுமுன் கம்ப்ரசரால் நிரப்பிடுங்க.